ஏட்டுக்கு அழுகிறோம், வன்தட்டை எடைக்குப் போடுகிறோம்

தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் தவறாது அரங்கேறும் காட்சி ஒன்றுண்டு. உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப்போன கதையைச் சொல்லும்போது பேச்சாளரின் குரல் தழுதழுக்கும். கோயிலிலிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டதை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவர். அந்த ஊர் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. இதே மாவட்டத்தில்தான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழைக்குப் பின், எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தின் பழைய கணினிகள் சேற்றோடு பழைய இரும்புக் கடைக்குப் போயின. எடைக்கு எடை. எவர் குரலும் தழுதழுக்கவில்லை.

இரும்புப் பெட்டிக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 1990களில் சிற்றிதழும் கவிதைத் தொகுப்பும் ஊர் வரலாறும் ஈய எழுத்தை விட்டுக் கணினிக்கு வந்தன. மென்பொருளுக்கு ஒரு குறியேற்றம், அதற்கென ஓர் எழுத்துரு என்றிருந்த காலம் அது. 1999 தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். முந்தைய கோப்பை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளின் கூளமே தெரியும். உரிய எழுத்துரு வேண்டும், மென்பொருள் வேண்டும், சிலவற்றுக்கு அச்சுப்பொறி இணைப்பில் செருகும் பூட்டும் வேண்டும். இவையெல்லாம் ஒருசேர இருப்பது அந்தப் பழைய பெட்டியில். அச்சில் வந்தவைதாமே என்று அமைதி சொல்வார்கள். வராதவை? நின்றுபோன இதழின் கடைசிப் பக்கங்கள், திருத்தப்படாத முதல் வரைவுகள்?

நனைந்தது அழிந்தது என்பதும் பிழை. ஓடுகிறதா பார்ப்போம் என்று ஈரத்தோடு மின்சாரம் கொடுக்கும் அவசரமே பெரும்பாலும் கொல்கிறது. முதலில் தாய்ப்பலகையின் மின்கலத்தைக் கழற்ற வேண்டும். அது கசிந்தால் செப்புத் தடங்களை அரித்துவிடும். சேற்றைக் காய்ச்சி வடித்த நீரால் மென்தூரிகை கொண்டு கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் பல நாள் உலர்த்தலாம். குழாய்த் திரையைத் திறக்கவே கூடாது. மின்சாரம் துண்டித்த பின்னும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கும். நெகிழ்தட்டில் சேறு காய்ந்து ஒட்டிவிடாமல் பார்த்து, உறையைப் பிரித்துக் கழுவி உலர்த்தி, படிக்கிற முதல் முறையே முழுப் பிரதி எடுத்துவிட வேண்டும். இரண்டாவது வாய்ப்பு உறுதியில்லை. வன்தட்டைத் திறக்காமல், மின்சாரம் கொடுக்காமல், தரவு மீட்பு தெரிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வைத்தியத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்.

குற்றாலச் சாரலை ரசிக்கிறோம். அதே ஈரம் நெகிழ்தட்டில் பூஞ்சையாகப் படர்வதையும் நினைக்கலாம். இங்கே தரையிலோ, இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள்ளோ கணினியை வைப்பது மெல்லக் கொல்வதற்குச் சமம். மேல்தட்டு, காற்றோட்டம், நெகிழ்தட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வப்போது அதை மாற்ற ஓர் ஆள். செலவு இவ்வளவுதான்.

இடமில்லை என்கிறார்கள். எந்தத் தமிழ்த்துறையிலும் கேடயங்களுக்கென்று கண்ணாடி அலமாரி இருக்கிறது. கீழ்த்தட்டைக் கேடயங்களுக்குக் கொடுத்துவிட்டு மேல்தட்டைக் காலி செய்யட்டும்.