அணைகளின் நாளறிக்கையைப் பொறி எழுதலாமா?

பாலக்காடு மாவட்டத்திலுள்ள பரம்பிக்குளம் அணையும், இடுக்கி மாவட்டத்திலுள்ள முல்லைப் பெரியாறு அணையும் ஒரு தன்மையில் ஒத்தவை. இரண்டும் கேரள மண்ணில் நிற்பவை. இரண்டையும் இயக்கிப் பேணுவது தமிழ்நாடு. பின்னதற்கு 1886-ஆம் ஆண்டுக் குத்தகை உடன்படிக்கையும், முன்னதற்கு 1970 மே 29-இல் கையெழுத்தாகி 1958 நவம்பர் 9 முதலே செல்லுமெனக் கொள்ளப்பட்ட ஒப்பந்தமும் அடிப்படையாம். ஆதலின் இவ்வணைகளில் நாள்தோறும் எடுக்கப்படும் கணக்கை இரு மாநிலத்தாரும், இரு மொழியினரும், பல துறையினரும் படிக்கின்றனர். அணையிலிருந்து வரும் ஒரு வரியைக் கொண்டு, அன்றிரவு வீட்டில் உறங்கலாமா என்று வண்டிப்பெரியாற்றின் கரையிலுள்ள குடும்பம் முடிவு செய்கிறது. மணக்கடவு தடுப்பணையில் ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை தமக்குச் சேரவேண்டிய 7.25 டி.எம்.சி. நீரில் இதுவரை வந்தது எவ்வளவு என்பதைச் சித்தூர் உழவர் அத்தகைய வரிகளைக் கூட்டியே அறிய இயலும்.

இவ்வறிக்கைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவிக்கலாமா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. எழுதுவிக்கலாம் என்பதே எம் கருத்து. ஆயின், எதைப் பொறியிடம் ஒப்படைப்பது, எதை ஒப்படைக்கலாகாது என்னும் எல்லையை முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

நாளறிக்கையின் உயிர் அதன் ஒருசீர்மையாகும். இன்றைய அறிக்கையை நேற்றையதோடும், சென்ற ஆண்டில் இதே நாளினதோடும் ஒப்பிட முடியாவிடின் அதனாற் பயன் சிறிது. நடைமுறையிலோ, அதிகாரி மாறினால் அறிக்கையின் அமைப்பும் மாறிவிடுகிறது. ஒருவர் நீர்வரத்தை முதலில் எழுதுவார். அடுத்தவர் மழையளவை முதலில் எழுதுவார். மூன்றாமவர் ‘வினாடிக்கு 500 கன அடி’ என்பதை ‘500 திறப்பு’ என்று சுருக்கிவிடுவார். அடைமழைக் காலத்தில், களைத்த கை நேற்றைய தாளைப் பார்த்தே இன்றைய தாளை எழுதிவிடுவதும் உண்டு. பொறிக்குக் களைப்பில்லை. ஒரே வரிசை, ஒரே சொல், ஒரே அலகு என ஒருமுறை விதித்து, அவ்விதியை ஒவ்வொரு நாளும் அதன்முன் வைத்தால், ஆண்டு முழுவதும் அறிக்கைகள் ஒரே வடிவில் அமையும். பொறி வந்தால் பணியாளர் சோம்பிவிடுவர் என்று மூத்தோர் சிலர் கூறுவதை யாம் ஏற்பதற்கில்லை. அளவுகோலருகே சென்று மட்டத்தைப் பார்ப்பதே பணி. அதை வாக்கியமாக்குவது எழுத்து வேலை. எழுத்து வேலையில் மிச்சமாகும் அரை மணி நேரம் அளவுகோலுக்கு உரியதாகட்டும்.

நிற்க. சொற்கள் ஒத்திருப்பதனால் மட்டும் அறிக்கை சீராகிவிடாது; எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதும் ஒத்திருத்தல் வேண்டும். பரம்பிக்குளத்தின் முழு மட்டம் 72 அடி. அண்மையிலுள்ள ஆழியாற்றினது 120 அடி. முல்லைப் பெரியாற்றில், 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரை நீரைத் தேக்கலாம். அதே ஆற்றில் கீழே அமைந்த இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழு மட்டமோ 2,403 அடி! இந்நான்கையும் ஒரே பத்தியிற் காணும் புதியவர், இடுக்கி அணை முல்லைப் பெரியாற்றைப்போல் 17 மடங்கு உயரமுடையது என்றே எண்ணக்கூடும். முதல் மூன்று அளவுகள் அந்தந்த அணையின் சொந்த அடிமட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவை. இடுக்கியின் அளவு கடல் மட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அணையில் நெடுநாள் பணியாற்றியவருக்கு இது சொல்லாமலே விளங்கும். பொறிக்குச் சொன்னாலன்றி விளங்காது.

மழையளவிலும் இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி, முதல் நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்த மழை மறுநாளின் கணக்கிலேயே பதிவாகும். மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் மக்களும் ஆவர். அன்று மாலையிலும் இரவிலும் பெய்த மழையை வானிலைக் கணக்கில் ஆகஸ்ட் 7 என்ற நாளுக்கு நேராகவே தேடுதல் வேண்டும். நாள்களை ஆராயாமல் இணைக்கும் பொறி, மழைக்கு முன்னரே மலை சரிந்தது என்று சிறிதும் தயங்காமல் எழுதிவிடும்.

எச்சரிக்கை நிறங்களையும் ஈண்டுக் கூறுதல் தகும். வானிலைத் துறை மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கிறது. கேரள மின்வாரியம் தன் அணைகளின் மட்டத்திற்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கிறது. இரண்டிலும் ‘ஆரஞ்சு’ உண்டு, பொருளோ வேறு. ‘இடுக்கியில் ஆரஞ்சு எச்சரிக்கை’ என்று மட்டும் எழுதப்பட்ட வரி, மாவட்டத்தின் மழையைப் பற்றியதா, நீர்த்தேக்கத்தின் மட்டத்தைப் பற்றியதா என்பதை எவராலும் சொல்ல இயலாது.

இவையெல்லாம் விதிகளால் திருத்தத்தக்க குறைகள். யாம் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. இப்பொறி எழுதும் முறையைக் களப்பணியாளர் அறிந்துகொள்வது நலம். பெருந்தொகையான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட அது, இதுவரை எழுதிய சொற்களை அடுத்து எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்து, அச்சொல்லை இடுகிறது. ஆகவே ஓர் அளவு வராதபோது, அவ்விடத்தை இயல்பானதோர் எண்ணால் நிரப்பிவிடும் நாட்டம் அதற்கு உண்டு. கோடைக்காலத்தில் அவ்வெண் உண்மைக்கு அண்மையிலேயே இருக்கும், ஒருவரும் அறியார். ஒரே இரவில் மட்டம் பல அடி உயரும் மழைக்காலத்தில், நேற்றைய நிலையை ஒட்டிய எண்தான் பெருந்தவறான எண்.

அளவு வராமையே ஒரு செய்தி என்பதை மறத்தலாகாது. பெட்டிமுடியில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போனமையின், மலை சரிந்த செய்தி மறுநாட் காலையிலேதான் வெளியுலகை எட்டியது. அத்தகைய இரவில் ஒரு நிலையத்தின் கட்டம் வெறுமையாக இருந்தால், அவ்வெறுமையே ஒருவரை எழுப்பி, ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்கச் செய்யும். அக்கட்டத்தைச் ‘சீரான நிலை’ என்று நிரப்பும் அறிக்கை அந்தக் கேள்வியைக் கொன்றுவிடும். கையால் எழுதிய பதிவேட்டில் விடுபட்ட இடமும் அடித்துத் திருத்திய எண்ணும் உடனே கண்ணிற் படும். பொறியின் தாளிலோ எல்லா வரிகளும் ஒரே அழகோடு நிற்கும்.

ஆதலின் விதி கண்டிப்பாக இருத்தல் வேண்டும். எண்களைப் பொறி எழுதலாகாது. அளவெடுத்தவர் நிரப்பிய அட்டவணையிலிருந்து எண்கள் நேரே சென்று அமர, அவற்றைச் சூழ்ந்த வாக்கியங்களை மட்டுமே பொறி அமைக்கட்டும். அளவு வராத இடத்தில் ‘அளவு வரவில்லை’ என்ற சொற்களே, வேறெவற்றினும் பெரிய எழுத்தில் வரட்டும். ஒவ்வோர் அளவோடும் அது எடுக்கப்பட்ட மணியும் எடுத்தவரின் பெயரும் நிற்றல் வேண்டும். 2021 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றின் மதகுகள் போதிய முன்னறிவிப்பின்றி இரவில் திறக்கப்பட்டன என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. இத்தகைய வழக்குகளில் எப்போது அளக்கப்பட்டது, எப்போது அனுப்பப்பட்டது, யார் கைக்கு எட்டியது என்பனவே வினாவாகும், நடையழகு அன்று. கைப்பதிவேட்டையும் கைவிடலாகாது.

வழக்கமான அறிக்கை வழக்கமான நாள்களுக்கு உரியது. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளுள் ஒன்று உடைந்து, பல்லாயிரம் கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. அந்நேரத்தில் காலை அறிக்கைக்காகக் காத்திருப்பார் உண்டோ? அத்தகைய செய்தி மனிதர் குரலாலேயே மனிதர் செவிக்குச் செல்லுதல் வேண்டும்.

பொறியால் உறுதியாகப் பெறத்தக்க நன்மை இரு மொழி அறிக்கையாகும். ஆனால் தமிழ் அறிக்கையை மலையாளத்தில் பெயர்ப்பதோ, மலையாளத்தைத் தமிழிற் பெயர்ப்பதோ கூடாது. ஒரே அட்டவணையிலிருந்து இரண்டையும் தனித்தனியே எழுதுவித்தல் வேண்டும். தமிழில் ‘அவசரம்’ என்றால் விரைவு; மலையாளத்தில் அதே சொல் வாய்ப்பைக் குறிக்கும். உறவு மொழிகளிடையே இத்தகைய பொறிகள் பல உண்டு. பொறியும் அவற்றில் விழும். எல்லைப்புறத்தில் இரு மொழியும் அறிந்த பணியாளருக்குக் குறைவில்லை. தொடக்கத்தில் ஒரு பருவமழைக் காலமேனும் அவர்கள் இரு தாள்களையும் ஒத்துப் பார்த்து ஒப்பமிடட்டும்.

ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. கேரளத்தில் புவியியல் பாடமுள்ள மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வானிலை நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கு மாணவர் எடுத்த பத்து நாள் மழையளவைப் பொறியிடம் தந்து நாளறிக்கை எழுதச் சொல்லலாம். பின்னர் நடுவில் ஒரு நாளின் அளவை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த நாளுக்கு நேராக அது என்ன எழுதுகிறது என்பதை மாணவரே தம் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.