ஏலக்காய்ச் சங்கங்களும் சிறு அங்கத்தினர்களும்

கம்பம் பள்ளத்தாக்கிலும் அதற்கு மேற்கேயுள்ள மலைகளிலும் ஏலக்காய் பயிரிடுவோருக்கென ஏற்பட்ட சங்கங்களின் வருஷாந்தப் பொதுக்கூட்டங்களில், பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு அல்லது மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, சந்தா தவறாமல் கட்டி வருவதாகவும், சங்கத்தினால் தமக்குக் கிடைத்த பிரயோஜனம் இன்னதென்று விளங்கவில்லையென்றும் கூறுவார். தலைவர் அதற்கு விடையாகச் சங்கம் சர்க்காருக்கு அனுப்பிய மகஜர்களையும், டில்லிக்கும் கொச்சிக்கும் சென்று வந்த தூதுக்கோஷ்டிகளையும், சங்கத்தின் பழமையையும் விஸ்தாரமாக எடுத்துரைப்பார். சபையோர் கைதட்டுவர். கேட்டவரும் உட்கார்ந்துவிடுவார். ஆனால் அவர் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டதென்று சொல்ல முடியாது.

தலைவர் சொல்லியவை பொய்யல்ல. அவை கேள்விக்குப் பொருந்தாதவை என்பதே குறை. சிறு விவசாயி கேட்பது சங்கத்தின் கௌரவத்தைப் பற்றியன்று. தம் 40 கிலோ காய்க்குக் கிடைத்த கிரயத்தில் சங்கத்தின் பங்கு என்ன என்பதையே அவர் கேட்கிறார். இதற்குத் தக்க விடை உண்டு. தலைவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதுதான் ஆச்சரியம்.

ஏலக்காய் விற்பனை 1986ஆம் வருஷத்திய சட்டத்தின்படி அமைந்த ஸ்பைசஸ் போர்டு என்னும் நறுமணப் பொருள் வாரியத்தின் கண்காணிப்பில் நடைபெறுகிறது. ஏலம் நடத்துவோரும் வாங்கும் வியாபாரிகளும் 1987ஆம் வருஷத்திய விதிகளின்படி லைசென்சு பெற்றவர்களாயிருத்தல் வேண்டும். முன்னர் மண்டபத்தில் கூவி ஏலம் விட்டு வந்தனர். அதில் யார் எவ்வளவு கேட்கிறார் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தபடியால், வியாபாரிகள் தமக்குள் கண்ஜாடையால் ஒத்துப்போவதற்கு இடமிருந்தது. 2007ஆம் வருஷத்தில் போடிநாயக்கனூரிலும் இடுக்கி ஜில்லாவிலும் கம்ப்யூட்டர் மூலம் நடக்கும் ஏலம் ஏற்பட்டது. வியாபாரி தம் முன்னுள்ள பெட்டியில் விலையைப் பதிக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அது யாருடைய விலையென்று தெரிவதில்லை. ஏலம் விடுவோரில் தனியார் கம்பெனிகளும் உண்டு, கூட்டுறவுச் சங்கமும் உண்டு, சாந்தம்பாறை ஏலத்தோட்டக்காரர் சங்கத்தைப்போல விவசாயிகளின் சங்கங்களும் உண்டு. விவசாயிகளுடைய ஸ்தாபனமே ஏலம் விடும் இடத்தில் இருப்பது, விற்பவர் பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒரு மனிதர் இருப்பதற்குச் சமம்.

அன்றன்று ஏலத்தில் நிர்ணயமான சராசரி விலையும் உச்ச விலையும் அன்றே வெளியாகின்றன. குரங்கணி மலையிலோ வண்டன்மேட்டிலோ உள்ள மலைச்சரக்குக் கடைக்காரர் தம் விலையைச் சொல்வது அதை அடியொற்றித்தான். ஆகவே சங்கத்தில் சேராதவரும், ஏலத்திற்குக் காய் அனுப்பாதவரும், சந்தா பாக்கி வைத்திருப்பவரும் அந்த விலையின் பலனை அனுபவித்தே வருகின்றனர். பயன் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டபடியால் அது ஒருவர் கண்ணுக்கும் தெரியாமற் போயிற்று. தலைவரின் சங்கடம் இதுவே.

கண்ணுக்குத் தெரிந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2020 மார்ச்சுக் கடைசியில் தொற்றுநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது ஏலக்காய் ஏலமும் நின்றது. மே மாதக் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. குமுளியிலும் போடிமெட்டிலும் சோதனைச் சாவடிகள் அடைபட்டதால், அடிவாரத்தில் வீடும் மலையில் தோட்டமுமாக இருந்தவர்கள் தங்கள் செடியைப் பார்க்கவே அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு மாதங்களில் வீட்டில் மூட்டை வைத்திருந்தவருக்கு விலை கேட்டுத் தெரிந்துகொள்ள ஓரிடமும் இல்லை. கடைக்காரர் சொன்னதே விலை. அதற்கு முந்திய வருஷம், 2019 ஆகஸ்டில், புற்றடி ஏலத்தில் உயர்ந்த ரகக் காய் கிலோ 7,000 ரூபாய் வரை சென்றதையும், பிறகு இரண்டு மூன்று வருஷங்களுக்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கியதையும் நினைத்துப் பார்த்தால், இவ்வளவு ஏற்ற இறக்கமுள்ள சரக்கை விலை தெரியாமல் விற்பது எத்தகைய ஆபத்து என்பது விளங்கும். "ஏலம் நின்ற இரண்டு மாதங்களை நினைத்துப் பாருங்கள்" என்று தலைவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தூதுக்கோஷ்டிகளின் ஜாபிதா அவசியமில்லை.

இத்துடன் தலைவருக்கு முழு வெற்றி என்று தீர்மானித்துவிடலாகாது. சிறு விவசாயியின் ஸ்திதியை அவர் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். உலர்த்துவதற்கு ஸ்டோர் வேண்டும். சொந்த ஸ்டோர் கட்டுவது இரண்டு ஏக்கர்க்காரரால் இயலாது. பறித்த காயை அதிக நேரம் வைத்திருந்தால் பச்சை நிறம் கெட்டுவிடுமாகையால், பெரிய தோட்டக்காரருடைய ஸ்டோருக்கோ, காய் வாங்கும் வியாபாரியின் ஸ்டோருக்கோ அன்றே அனுப்பிவிடுகிறார். வியாபாரியின் ஸ்டோருக்குப் போன காய் விலை பேசுவதற்கு முன்பே வாங்குபவர் கைக்குப் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், மழைக்கு முன் உரத்திற்கும் மருந்துக்கும் அதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். ஏலத்தில் விற்றால் பணம் கைக்கு வரச் சில நாட்கள் செல்கின்றன. கடையில் விற்றால் அன்றே ரொக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய் கிலோ 1,000 ரூபாய் என்றும், ஏலக் கமிஷன் நூற்றுக்கு ஒன்று என்றும், கடைக்காரர் ஏல விலைக்குக் கிலோவுக்கு 60 ரூபாய் குறைத்துக் கொடுப்பதாகவும் வைத்துக்கொண்டால், 40 கிலோவுக்குக் கமிஷன் 400 ரூபாய். கடையில் விட்டுப்போவது 2,400 ரூபாய். சிறு விவசாயி இந்தக் கணக்கை அறியாதவரல்லர். அறிந்தும் கடைக்கே போகிறார். முன்பணமும் ஸ்டோரும் ரொக்கமும் அங்கே இருக்கின்றன. சங்கத்தில் மகஜர்தான் இருக்கிறது.

எனவே சங்கம் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய இடம் மேடையன்று, ஸ்டோரேயாகும். சிறு அங்கத்தினர்களின் பச்சைக்காயைக் கூலிக்கு உலர்த்திக் கொடுக்கும் பொது ஸ்டோர் ஒன்றைச் சங்கம் வைக்க வேண்டும். உலர்ந்த காயைப் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரித்து, பலருடைய காயையும் ஒரே லாட்டாகச் சேர்த்து ஏலத்திற்கு வைக்க வேண்டும். தனியாக வைத்தால் வியாபாரி ஏறெடுத்தும் பாராத 20 கிலோ, சேர்ந்த லாட்டில் மதிப்புப் பெறும். காயின் பேரில் ஒரு பகுதித் தொகையை முன்னதாகக் கொடுத்து, ஏலப் பணம் வந்தபின் மீதியைத் தீர்க்கலாம். இதற்கு மூலதனம் எங்கே என்று தலைவர் கேட்பது நியாயமே. பெரிய தோட்டக்காரர்களின் காய் இல்லாவிடில் ஏலத்திற்கு வியாபாரிகளே வரமாட்டார்கள் என்று அவர் சொல்வதும் வாஸ்தவம். ஆனால் பெரியவர்கள் தாமாகவே விலை பேசத் தெரிந்தவர்கள். சங்கம் இல்லாவிட்டாலும் அவர்கள் காய் விலைபோகும்.

1946ஆம் வருஷத்தில் குஜராத்தின் கேடா ஜில்லாவில் பால் உற்பத்தியாளர்கள், பாலைக் குறைந்த விலைக்கு வாங்கிய போல்சன் கம்பெனிக்குப் பதினைந்து நாட்கள் பால் கொடுக்க மறுத்து, அவ்வருஷம் டிசம்பரில் தங்கள் சொந்த யூனியனைப் பதிவு செய்தனர். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர்தான். தலைவராயிருந்த திரிபுவன்தாஸ் படேல் கிராமம் கிராமமாகச் சென்று ஆள் சேர்த்தார். அந்த யூனியன் நிலைத்ததற்குப் பிரசங்கம் காரணமன்று. ஒரு மாடு வைத்திருந்தவளின் பாலும் அவள் கண்முன்னே அளக்கப்பட்டது, பணமும் தவறாமல் கைக்கு வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? தென் ஜில்லாக்களின் பேட்டைகளில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை ஒதுக்கிய காலத்தில், அது எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கிணறும் சாவடியும் பள்ளிக்கூடமும் எதிரே நின்றன.

உலர்ந்த ஏலக்காய் எளிதில் கெடாத சரக்காகையால் இவ்வளவும் சாத்தியமாகிறது. இதே பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைக்காரர்களின் நிலை வேறு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைக்குரியதே. ஆயினும் பழுத்த குலை பந்தலில் காத்திராது. வியாபாரி இரண்டு நாள் வராமலிருந்தாலே விலை அவர் வசமாகிவிடுகிறது. அவர்களுக்கு ஏல மண்டபமும் இல்லை, தினசரி விலையும் இல்லை. ஏலக்காய்ச் சங்கத்தைக் குறை கூறும் அங்கத்தினர் ஒருமுறை திராட்சைப் பந்தலின்கீழ் நடக்கும் விலைப்பேச்சைக் கேட்டு வருவது நலம்.

நிர்வாகக் கமிட்டியில் சிறு விவசாயிகளுக்கு இடம் ஒதுக்குவது பற்றியும் அபிப்பிராய பேதம் இருக்கிறது. அவர்களுக்கு விஷய ஞானம் போதாதென்பது சிலருடைய வாதம். இன்று மலையெங்கும் பரவியுள்ள ஞள்ளானி ரகத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவர் இடுக்கி ஜில்லாவின் செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயியேயன்றி எந்த ஆராய்ச்சி நிலையமுமன்று. இதற்குமேல் அந்த வாதத்திற்கு விடை தேவையில்லை. சவுதி அரேபியா முதலிய தேசங்கள் பூச்சிமருந்து மிச்சம் இருப்பதாகக் காயைத் திருப்பும் இக்காலத்தில், எந்த மருந்தை எப்போது நிறுத்துவதென்ற விஷயம் கடைசி இரண்டு ஏக்கர்க்காரர் வரை எட்டாவிட்டால், அவர் காய் சேர்ந்த லாட் முழுவதும் பழுதாகும். அதை அவரிடம் கொண்டுசேர்க்கக் கமிட்டியில் அவரைப் போன்ற ஒருவர் இருந்தாக வேண்டும்.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷ அறிக்கை பல சங்கங்களில் இங்கிலீஷில் அச்சிடப்பட்டுக் கூட்டத்தன்றே கையில் கொடுக்கப்படுகிறது. அதைத் தமிழில் எழுதி, கூட்டத்திற்குப் பதினைந்து நாள் முன்னதாகச் சங்கக் கதவில் ஒட்டுவதற்குப் பெரும் செலவாகாது. ஒவ்வொரு லாட்டும் ஏலமான தேதியும் பணம் பட்டுவாடாவான தேதியும் அதில் இருக்குமானால், பின்வரிசைக் கேள்விக்குத் தலைவர் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இராது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் தோட்டமுள்ள சிறு விவசாயி பயிர்க்கடன் கேட்கப்போகும்போது அடங்கல் நகலும் பட்டா விவரமும் கேட்கப்படுகின்றன. மழை தொடங்குமுன் அவை கிடைத்தால் அவர் பாங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ போவார். இரண்டு வாரம் தாமதமானால் உரத்திற்குரிய பணத்தை மலைச்சரக்குக் கடையில்தான் கேட்பார். அவ்வருஷத்து முதல் எடுப்பும் அங்கேயே போய்ச் சேரும்.