அலமாரிக்கு அணியன்று அலைவுகாட்டி

விழா நினைவாகக் கல்லூரி ஆய்கூடத்திற்கு அலைவுகாட்டியொன்று வழங்கப் பழைய மாணவர் எண்ணுவராயின், அது போற்றற்குரியது. 1897ஆம் ஆண்டில் ஜெர்மனிய அறிஞர் பிரௌன் ஆக்கிய கதோட்டுக் கதிர்க் குழாயே இக்கருவிக்கு வித்தாகும். பல்மானி அளவை மட்டும் கூறும். அலைவுகாட்டியோ அலையின் வடிவத்தையும் திரையில் வரைந்து காட்டும்.

நம் வீட்டு மின் செக்கனுக்கு 50 முறை அலைவது. ஓர் அலைவுக்கு 20 மில்லிசெக்கன். திரையின் கட்டமொன்றை 5 மில்லிசெக்கனாக அமைப்பின் ஓர் அலை நான்கு கட்டங்களில் அடங்கும். தன் கையாற் குமிழைத் திருகி இதனைக் கண்ட மாணவன் 'மீடிறன்' என்னும் சொல்லின் பொருளை மறவான். தமிழாசிரியராகிய நாம் இதனை வற்புறுத்துவதும் அதுபற்றியே.

எனினும், வீட்டு மின்னில் துருவியை நேரே தொடுத்தல் உயிருக்கு ஆபத்து. படியிறக்கு நிலைமாற்றியால் 6 வோல்ற்றாகக் குறைத்துக் காண்பதே முறை. ஆதலின் ஆசிரியர் பயிற்சி முதற்கண் வேண்டும்.

விலை மிக்கதே சிறந்ததென எண்ணற்க. பாடசாலைப் பரிசோதனைக்கு 20 மெகாஹேட்ஸ் வரை காட்டும் இருவழிக் கருவி போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல பல்மானிகளும் மாற்றுத் துருவிகளும் வாங்குக.

கடுகண்ணாவை ஏற்றத்திற்காக ரம்புக்கனையிற் புகைவண்டிக்கு இன்னோர் எஞ்சின் பூட்டிய வழக்கத்தை இவ்வூரார் அறிவர். தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கும் அத்தகைய துணை வேண்டும். இக்கருவியைத் தம் வீட்டில் அவர் காணார். ஆய்கூட அலமாரியும் பூட்டியிருப்பின் அவர்க்கு வேறு வழியில்லை. ஆகவே கருவியை அளிப்போர், மாணவர் அதனைத் தொட்டுப் பழக வாரத்தில் ஒரு பாடவேளையையும் கேட்டுப் பெறுவாராக.