எந்த ரிவால்வர் நல்லது? வேங்கிக்காலில் முதலில் கேட்பது வேறு கேள்வி

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ரிவால்வர்னா எது?" துப்பாக்கி வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்த விவாதம் பழக்கம். அமெரிக்காவில் பலர் சொல்லும் பதில், நான்கு அங்குலக் குழல் கொண்ட .357 மேக்னம். அதிலேயே .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். பயிற்சிக்கு அது, ஆபத்துக்கு இது. வீட்டுக்கும் ஆச்சு, காட்டுக்கும் ஆச்சு என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு நம்ம ஊரில் செல்லாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ரிவால்வர் வாங்க நினைப்பவர் முதலில் போக வேண்டியது துப்பாக்கிக் கடைக்கு அல்ல, வேங்கிக்காலில் உள்ள கலெக்டர் ஆபீசுக்கு. அங்கே 'எந்த மாடல்?' என்பது பிறகு வரும் கேள்வி. முதல் கேள்வி 'எதுக்கு?' என்பதுதான். அந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து.

கையில் கிடைப்பது எது?

.38, 9 மி.மீ. போன்ற ராணுவ, போலீஸ் அளவுகள் தடைசெய்யப்பட்ட வகையில் வருகின்றன. அவற்றுக்குக் கலெக்டர் லைசென்ஸ் தர முடியாது. வெளிநாட்டு ரிவால்வரைத் தனிநபர் இறக்குமதி செய்யும் வழியும் 1980களிலிருந்து ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. பழையது ஏதாவது கைமாறினால்தான் உண்டு, அதற்கும் லட்சக்கணக்கில் விலை.

மிஞ்சுவது பெரும்பாலும் .32, சிறிய அளவில் .22. கான்பூரில் தயாராகும் அரசு நிறுவனத்தின் .32 ரிவால்வர் பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கிறது. ஆறு தோட்டா, நடுவில் மடக்கித் திறக்கும் பழைய வெப்லி பாணி. 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' வந்தது. எடை சுமார் 500 கிராம், அறிமுக விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 'நிடர்' என்ற .22 ரிவால்வர் அதைவிட இலகு, சுமார் 250 கிராம். 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்', தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும் .32 மாடல். எடை சுமார் 700 கிராம்.

இவற்றில் பெரும்பாலானவை சுடும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டா 1896-இல் உருவானது. உதைப்பு குறைவு, வேகமும் குறைவு. விளம்பரம் எவ்வளவு புதுசாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே தோட்டாதான். அதனால் மாடல்களுக்குள் பெரிய சண்டை போட இடமே இல்லை.

சரி, எதுக்கு?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு ஒரு முக்கியமான வித்தியாசம் பார்க்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் கொண்ட நீளத் துப்பாக்கி கேட்டாலும், பயிரைக் காக்க மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டாலும், மறுக்கக் காரணம் இல்லாத பட்சத்தில் லைசென்ஸ் தர வேண்டும் என்கிறது. ரிவால்வர் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும்.

ஒவ்வொரு காரணமாகப் பார்ப்போம். நிலத்தில் காட்டுப்பன்றித் தொல்லையா? ரிவால்வர் அதற்கான கருவியே இல்லை. வனவிலங்குச் சட்டம் வேறு குறுக்கே நிற்கும். கழுத்துச் சங்கிலிப் பறிப்பா? பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். அங்கே குறி தவறும் ஒரு தோட்டா யார் மேல் படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் திருடன் வந்தால்? இங்கேதான் பெரிய முரண். குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது. தலையணைக்கு அடியில் வைத்தால் அந்த வீட்டில் திருடனைவிடப் பெரிய ஆபத்து அதுவே. கோபத்திலோ மனச்சோர்விலோ வீட்டில் ஒருவர் இருக்கும் நாளும் வரும். அந்த நாளையும் சேர்த்து யோசித்தால்தான் கணக்கு முழுசாகும்.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைத்தான் பேசுகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அதில் இடமில்லை. ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டுவிட்டு 'தற்காப்பு' என்று சொல்லிப் பாருங்கள், கோர்ட்டில் நிற்பது நீங்கள்தான்.

லைசென்ஸ் கிடைத்தால் முடிந்ததா?

இல்லை, பொறுப்பே அப்போதுதான் ஆரம்பம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2016 விதிகளின்படி பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி வேண்டும். பொது இடத்தில் உறைக்குள், வெளியே தெரியாமல்தான் எடுத்துப் போகலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் காலம் ஐந்து ஆண்டு. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

'சொத்து இருக்கிறவனுக்குத்தான் லைசென்ஸ்' என்ற பேச்சும் தப்பு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. கௌரவத்துக்காக வாங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம்: சட்டத்தின் கண்ணில் ரிவால்வர் அந்தஸ்து இல்லை.

என் ஓட்டு

நிஜமான மிரட்டல் இருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ரொக்கமோ நகையோ எடுத்துப் போகும் தொழில், சாட்சி சொன்னதால் வந்த பகை என்று காரணங்கள் உண்டு. போலீசில் புகார் கொடுத்தும் ஆபத்து தீரவில்லை என்றால் அவர்கள் விண்ணப்பிக்கட்டும். அவர்களுக்கு என் பதில், இந்தியத் தயாரிப்பு .32 ரிவால்வர். பிஸ்டலைவிட எளிய அமைப்பு. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும். எடை குறைந்ததைத் தேடாதீர்கள், கையில் நிலையாக நிற்பதை எடுங்கள். வாங்குவதோடு நிறுத்தாமல் முறையாகப் பயிற்சி எடுங்கள்.

சுடும் ஆசை மட்டும்தான் என்றால் ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான்.

மற்ற எல்லாருக்கும், அதாவது நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு, நல்ல பூட்டு, கேமரா, 112, 'காவல் உதவி' செயலி, எட்டிக் கூப்பிட்டால் வரும் பக்கத்து வீடு. 'எதுக்கு?' என்ற கேள்விக்கு ஒரே வரியில் நேர்மையாகப் பதில் எழுத முடியவில்லையா? அப்போ உங்களுக்கு ஏற்ற ரிவால்வர் எந்தக் கடையிலும் இல்லை.