வேண்டாம் என்று யார் சொல்லலாம்?

கல்யாணப் பந்தியில் சாம்பார், காரக்குழம்பு, ரசம் வரைக்கும் என்னை ஒருவரும் கவனிப்பதில்லை. மோர் வாளி வரும்போதுதான் வம்பு தொடங்கும். தயிர், மோர் இரண்டையும் நான் தொடுவதில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான். புளித்த பாலின் வாடை மூக்கருகே வந்தாலே அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு கிளம்பும். இலையை மூடப் போகும் என் கையைப் பக்கத்து இலைக்காரர் பிடித்துக்கொள்வார். பெரியப்பா முறை ஆகும் யாராவது ஒருவராக இருப்பார். "மோர் சோறு சாப்பிடாம எந்திரிக்கலாமா? வயிறு என்னத்துக்கு ஆகும்?" வேண்டாம் என்றால் அடுத்த கேள்வி, "ஏன், டாக்டர் சொன்னாரா?" டாக்டர் சொல்லியிருந்தால் விட்டுவிடுவார். ஏதோ வேண்டுதல் என்றாலும் விட்டுவிடுவார். பிடிக்காது என்று சொன்னால் மட்டும் அது அவரிடம் செல்லாத காசு.

"பிடிக்காதுன்னா என்னப்பா அர்த்தம்? சின்ன வயசுலயே பழக்கியிருக்கணும். உங்கம்மா செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா."

என் சண்டை இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான். எங்கள் அம்மா கொடுத்தது செல்லம் இல்லை, கரண்டிக் காம்பு. அது வேறு கதை. ஆனால் பெரியப்பா சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஊர் மொத்தமும் நம்புவது. சாப்பாட்டில் பிடிக்காதது என்று ஒன்று கிடையவே கிடையாதாம். இருப்பது கொழுப்பு, நாக்கு நீளம், வளர்ப்புக் கோளாறு. ரெண்டு வேளை பட்டினி போட்டால் எல்லாம் உள்ளே போகும். இப்படி நம்பித்தான் எத்தனையோ பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துப் பாகற்காயைத் திணித்திருக்கிறோம்.

இந்த நம்பிக்கைக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே நாக்கு, எனக்கு இனிப்பது உனக்கும் இனிக்கும் என்பது அது. அது பொய் என்று தெரிந்து கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகப்போகிறது. 1931-இல் அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைப் புட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முகம் சுளித்தார். பொடிக்கு நெருக்கமாக நின்ற ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் நாக்கில் போட்டுப் பார்த்தார், சுண்ணாம்புத் தூள் மாதிரி சப்பென்று இருந்தது. கூட இருந்தவர் வைத்தார், கசப்பு. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துப் பார்த்ததில், சிலருக்குக் கடும் கசப்பு, சிலருக்கு வெறும் மண். ஃபினைல்தயோகார்பமைடு என்ற அந்தப் பொருளைத் தடவிய காகிதத் துண்டைப் பிறகு உலகம் முழுக்க மனிதர் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். நம் நாட்டு மானுடவியல் துறைகளும் பைநிறைய எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயின. இந்த வித்தியாசம் வீட்டு வளர்ப்பால் வருவதில்லை, ரத்த வழியில் வருகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்குக் காரணமான மரபணுவை 2003-இல் கண்டுபிடித்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு பாகற்காய் மரபணு என்று ஒன்று இருப்பதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். கசப்பை உணர மனித நாக்கில் ஏறத்தாழ 25 வகை உணர்விகள் இருக்கின்றன. பாகற்காயின் கசப்பும் அந்தப் பொடியின் கசப்பும் ஒன்றல்ல. நான் சொல்வது ஒன்றுதான். அம்மாவும் பிள்ளையும் ஒரே சட்டியிலிருந்து எடுத்து வாயில் போட்டாலும் இருவரும் ஒரே பண்டத்தைத் தின்கிறார்கள் என்று சொல்ல முடியாது. குழந்தை நாக்குக்குக் கசப்பு கூடுதலாக உறைக்கும் என்பதும் சோதித்து அறிந்த சங்கதி. "எனக்குக் கசக்கலையே, உனக்கு மட்டும் எப்படிடி கசக்கும்?" என்ற அம்மாவின் கேள்வி, கிட்டப்பார்வைக்காரனிடம் "எனக்குத் தெரியற பஸ் நம்பர் உனக்கு மட்டும் ஏன்டா தெரியல?" என்று கேட்பதற்குச் சமம்.

கொத்தமல்லித் தழையைப் பாருங்கள். அது இல்லாமல் நமக்கு ரசம் இறங்காது. அதே தழை சிலருக்குச் சோப்புக்கட்டியைக் கடித்த மாதிரி இருக்கும். மணத்தை உணரும் ஒரு மரபணுவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று 2012-இல் எழுதினார்கள். அந்தத் தொடர்பு சின்னதுதான் என்பதையும் அவர்களே சொன்னார்கள். அதே ஆண்டு கனடாவில் பல வம்சாவளி இளைஞர்களிடம் விசாரித்ததில், கிழக்காசிய வழியினரில் 21 சதவீதம் பேர் கொத்தமல்லி பிடிக்காது என்றார்கள். தெற்காசிய வழியினரில் 7 சதவீதம். பிறந்தது முதல் தின்று பழகினால் வெறுப்பு குறையும் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஏழு பேர்? தாளிப்பு மணத்திலேயே வளர்ந்தும் நூற்றில் ஏழு பேருக்கு அது பிடிக்கவில்லை. பந்தியில் அவர்கள் ரசத்தை ஒதுக்கினால் பெரியப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

வளர்ப்பு என்கிறார்களே, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் ஐயாயிரத்துச் சொச்சம் இரட்டையர் சோடிகளை வைத்துப் புதுப் பண்டத்தைக் கண்டு பின்வாங்கும் குணத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். பிள்ளைக்குப் பிள்ளை தெரிந்த வித்தியாசத்தில் 78 சதவீதம் மரபுவழி என்று வந்தது. மிச்சம் அந்தந்தப் பிள்ளைக்கென்று தனியாக அமைந்த சூழ்நிலை. ஊர்வாயில் விழுந்த அம்மாக்களுக்கு இதை யாராவது தபாலில் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

எல்லாவற்றையும் பிறப்பின் தலையில் கட்டவும் நான் தயாரில்லை. எங்கள் சித்தப்பா காப்பி குடிக்க மாட்டார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற நாளில் அதைச் சூடான காப்பியில் கலந்துதான் தருவார்களாம். அறுபது வயதிலும் ஃபில்டர் காப்பியின் வாசனைக்கு அவர் திண்ணைக்கு எழுந்து போய்விடுவார். ஒரு பண்டத்தைத் தின்ற பிறகு வயிறு புரண்டால் உடம்பு அந்தப் பண்டத்தின் மேல் பழிபோட்டு வைத்துக்கொள்ளும். எலிகளை வைத்து ஜான் கார்சியா என்பவர் 1955-இலேயே இதைக் காட்டிவிட்டார். ஒரே ஒரு தடவை போதும். விஷத்தை இரண்டாம் தடவை தின்னாமல் உயிர் பிழைக்கிற வழி அது. சித்தப்பாவின் உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதற்கு ஊர் வைத்த பெயர் 'பவிசு'.

இதுவரை சொன்னதெல்லாம் நாக்கு சமாசாரம். விஷயம் நாக்கோடு நின்றிருந்தால் இதைச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

நம் ஊரில் சாப்பாட்டை மறுப்பது குற்றமே இல்லை. மறுப்பதை நாம் கொண்டாடவே செய்கிறோம். "அவங்க பூண்டு வெங்காயம் சேர்க்க மாட்டாங்க" என்று குரலைத் தாழ்த்தி, மரியாதையோடு சொல்கிறோம். அவர்களுக்கென்று தனிப் பாத்திரம், தனி அடுப்பு, தனிப் பந்தி. 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் சென்னையில் 'சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்' என்று வீட்டு வாடகை விளம்பரம் வரும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் குமட்டுகிறது என்று ஒருவர் சொன்னால் நாம் குற்றவாளி மாதிரி சன்னலைச் சாத்துகிறோம். அந்தக் குமட்டல் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சின்ன வயதில் கற்றுக்கொடுத்த அருவருப்பு உடம்பில் நிஜமாகவே குடியேறிவிடும். எச்சில் ஊறும், வயிறு புரளும். அது நிஜமென்றால் மோர் வாளிக்கு எனக்குப் புரள்வதும் நிஜம்தானே? அவருடையதற்குப் பின்னால் ஒரு சாதி நிற்கிறது, என்னுடையதற்குப் பின்னால் நான் மட்டும் நிற்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான். இத்தனைக்கும் நான் மோர் குடிக்கிறவர்களுக்கு வீடு தரமாட்டேன் என்று சொன்னதில்லை.

1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் என்று பின்னால் ஓர் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் முட்டை வாடைக்கே ஓங்கரிக்கிற ஒரு பையன், ஞாயிறுதோறும் கறி எடுக்கிற வீட்டுப் பையன், அந்த வாழைப்பழத்துக்குக் கை நீட்டினால் என்ன நடக்கும்? "உங்க வீட்டுல கோழியே அறுப்பீங்களேடா, உனக்கு என்ன வந்துச்சு?" என்று யாராவது கேட்காமல் இருப்பார்களா? கூட்டமாக மறுத்தால் ஆசாரம், ஒற்றையாளாக மறுத்தால் ஆணவம்.

வீட்டுக்குள்ளும் இதே படிக்கட்டுதான். எங்கள் வீட்டில் பூசணிக்காய் வாங்கியதே இல்லை. அப்பாவுக்குப் பிடிக்காது. அதை யாரும் வளர்ப்புக் கோளாறு என்று சொல்லவில்லை, பாட்டியைப் பிடித்துக் கேள்வி கேட்கவில்லை. அப்பாவின் 'பிடிக்காது' எங்கள் சமையலறைக்குச் சட்டம். சோறு கொஞ்சம் குழைந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார், அம்மா ஓடிப்போய் இன்னொரு உலை வைப்பாள். அதே கூடத்தில் அதே வேளையில் நான் தயிரை மறுத்தால் கரண்டிக் காம்பு. அம்மாவுக்குப் பூசணி உயிர். மாமா வீட்டுக்குப் போனால் அத்தை அவளுக்கென்றே பூசணிக்காய்க் கூட்டு வைப்பாள். அவள் அதை மூன்று தடவை போட்டுச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் இப்படிச் சாப்பிடுகிறாள் என்று அப்போது புரியவில்லை. ஆக, வீட்டில் அப்பா மறுத்தால் அது குடும்பத்தின் ருசி, பிள்ளை மறுத்தால் திமிர். பெண்பிள்ளை மறுத்ததாகச் செய்தியே இல்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் "பொண்ணுக்கு என்ன பிடிக்காது?" என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்படியானால் பிள்ளைகளை முறுக்கும் சிப்ஸும் தின்று வளர விட்டுவிடலாமா என்பார்கள். வேண்டாம். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் தொடங்கி, பால் மறந்த 15 குழந்தைகளிடம் 34 வகைப் பண்டங்களைக் காட்டி, வற்புறுத்தாமல், எது வேண்டுமோ அதைத் தின்ன விட்டார். ஒவ்வொன்றும் ஒரு விதமாகத் தின்றது. எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அந்த 34-இல் சர்க்கரைப் பண்டமோ கடைத் தின்பண்டமோ ஒன்றும் கிடையாது. டேவிஸே இதை மறைக்கவில்லை. என்ன வாங்குவது, என்ன பரிமாறுவது என்பது பெரியவர்கள் கையில். எதை, எவ்வளவு என்பது பிள்ளை கையில். இந்தப் பாகப்பிரிவினை போதும். புதிய காயைப் பத்துப் பதினைந்து தடவை, ஒரு வார்த்தை பேசாமல், சின்னத் துண்டாகத் தட்டோரம் வைத்தால் பல பிள்ளைகள் தாமாகவே எடுத்துத் தின்னும். அமெரிக்காவில் சிறு பிள்ளைகளுக்கு இரண்டு வகைச் சூப் கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் "முடி, முடி" என்று நச்சரித்துப் பார்த்தார்கள். நச்சரித்த சூப்பைத்தான் குறைவாகக் குடித்தன, அதைப் பற்றித்தான் வெறுப்பாகவும் பேசின. 2006-இல் வந்த ஆய்வு. இதற்கு ஆய்வே தேவையில்லை, நம் தெருவில் எந்த வீட்டிலும் மத்தியானம் ஒரு மணிக்குப் பார்க்கலாம். ஒரு சில பிள்ளைகளுக்கு இது ருசிப் பிரச்சினையையும் தாண்டிய ஒன்று. வாயில் பட்ட வழவழப்பே அவர்களுக்கு வதை. அதை ஒரு கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் பட்டியலில் சேர்த்தது. அங்கே கரண்டிக் காம்பு செய்கிற கெடுதலுக்கு அளவில்லை.

'பசி ருசி அறியாது' என்ற பழமொழியையும் தயவுசெய்து இதற்கு இழுக்காதீர்கள். பசித்தவன் படும் பாட்டைச் சொல்ல வந்த வாக்கு அது. பிள்ளையைப் பட்டினி போட அதில் அனுமதி எதுவும் இல்லை. சோறு வீணாகிறதே என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. குறைவாக வையுங்கள்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். அவள் வந்த பிறகு வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கச் சொன்னதே இல்லை என்று ஒருநாள் கவனித்தேன். அப்பாவுக்கு வாரம் நாலு நாள் அது வேண்டும். கேட்டதற்கு, "தின்னா தொண்டை அரிக்கும்டா எனக்கு. எப்பவுமே அப்படித்தான்" என்றாள், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தட்டில் பாகற்காய்ப் பொரியலை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அம்மா எதிரில் உட்கார்ந்து கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

"கசக்குது பாட்டி."

"கசக்கத்தான் செய்யும். முழுங்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உனக்குத்தான் கத்தரிக்காய் அரிக்குமே. நாப்பத்தஞ்சு வருஷமா வாயைத் திறந்து அப்பாகிட்ட வேண்டாம்னு சொன்னியா நீ?"

"யாரு கேட்டா?" என்றாள் அம்மா. பிறகு கிண்ணத்திலிருந்து இன்னொரு துண்டை எடுத்து என் மகளின் தட்டில் வைத்தாள்.