அளக்கத் தெரிந்தவர்களுக்குக் காக்கத் தெரியாதா?

ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்காக அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தை நாடி வருவோரின் வாகனங்கள் ஊர்ந்து செல்வதை நாம் அறிவோம். அந்த நெரிசல் பொறுமையைச் சோதிக்கும்; உயிரைக் குடிப்பது அரிது. எல்லோரும் மெல்லச் செல்வதே காரணம். விரைந்து வரும் வாகனம், தேங்கி நிற்கும் வரிசையின் வாலைச் சந்திக்கும் இடத்திலேதான் நெரிசல் எமனாகிறது.

2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர். மழைத்திரைக்கு அப்பால் நிற்கும் கடைசி வாகனத்தைக் கண்ட பின்பு பிரேக்கை அழுத்தச் சாரதிக்கு அவகாசம் ஏது? அமெரிக்காவின் இண்டியானா மாநில நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த பர்டியூ பல்கலைக்கழகத்தார், சீராக ஓடும் வேளையைவிட நெரிசல் வேளையில் விபத்து வீதம் 20 மடங்குக்கும் மேல் எனக் கண்டனர்.

அவர்கள் கண்ட வழி எளிது. வாகனங்களும் கைத்தொலைபேசிகளும் தம் வேகத்தை ஓயாது அறிவித்தவண்ணம் இருக்கின்றன. வீதியைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒரு துண்டில் விரைவும் அடுத்ததில் தேக்கமும் தென்பட்டால், அங்கே ஆபத்து காத்திருக்கிறது என்று பொருள். பின்னால் வருவோரை உடனே எச்சரிக்கலாம்.

இது நமக்கு எட்டாக்கனி என்பார் உளர். 2022இல் எரிபொருள் பஞ்சம் வந்தபோது, ஒவ்வொரு வாகனத்திற்கும் கியூஆர் குறியீடு வழங்கி, வாரத்திற்கு இத்தனை லீற்றர் என அளந்து கொடுத்ததும் இந்நாட்டு அரச இயந்திரமே அல்லவா? பங்கிட்டுக் கொடுக்க முடிந்த அறிவு, பாதுகாக்கும் வேளையில் மட்டும் எங்கே ஒளிந்துகொள்கிறது?

கிழக்கிலே அதிவேக நெடுஞ்சாலை இல்லை, ஆகவே நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. அறுவடைக் காலத்தில் நெல்மூட்டை சுமந்த உழவு இயந்திரங்கள் திருகோணமலை வீதியிலே ஊர்கின்றன. இருளில் விரைந்து வரும் பஸ் வண்டிக்கு அந்தப் பெட்டியும் நெரிசலின் வாலே! விளைவித்த நெல்லோடு புறப்பட்ட உழவன் வீடு திரும்ப வேண்டாமா?

வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பொலிசாரும் இத்தகவலை நிறுவனங்களிடம் கேட்டுப் பெறட்டும். பெயரும் இலக்கமும் வேண்டியதில்லை. வேகமும் இடமும் போதும். நம் வாகனங்களிலும் சட்டைப்பைகளிலும் பிறக்கும் தகவல், வணிகருக்கு இலாபமாகலாமெனில், நமக்கு உயிர்க்காவலாவதே முதல் நியாயம். பொறியியலாளர்களும் சட்டத்தரணிகளும் விவசாயச் சங்கங்களும் ஒரே குரலில் கேட்கட்டும். விபத்துக்குப் பின் விசாரணை நடத்தும் அரசு நமக்குப் போதாது. விபத்துக்கு முன் விழித்திருக்கும் அரசே வேண்டும்!