பேசாத யந்திரத்தின் ஹாஸ்யம்

குழந்தைகளை முன்னிட்டுப் பெரியவர்கள் பார்க்கப் போகும் படங்களில், பெரியவர்கள் பாடு பெரும்பாலும் கஷ்டந்தான். 2008-ம் வருஷம் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் தயாரித்து வெளிவந்த 'வால்-ஈ' அந்த ரகமல்ல. (தமிழில் எழுதினால் பெயர் வாலும் ஈயுமாகி விடுகிறது; அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல.) ஆண்ட்ரூ ஸ்டாண்டன் டைரக்ட் செய்த இந்தச் சித்திரப் படத்தில், மனிதர்கள் பூமியைக் குப்பையால் நிரப்பிவிட்டு, ஆகாயக் கப்பலேறிப் போய் 700 வருஷமாகிறது. குப்பை வாரும் யந்திரம் ஒன்று மட்டும் தன்னந்தனியே உழைத்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு ஒரு சின்னஞ்சிறு பெட்டி அகப்படுகிறது. உள்ளே வைர மோதிரம். மோதிரத்தை வீசி எறிந்துவிட்டுப் பெட்டியைப் பத்திரப்படுத்துகிறது! இன்னொரு சமயம், கரண்டியும் முட்கரண்டியும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு சாமான் கிடைக்கிறது. இதைக் கரண்டிகளோடு வைப்பதா, முட்கரண்டிகளோடு வைப்பதா? வெகுநேரம் தவித்து, இரண்டுக்கும் நடுவில் வைக்கிறது. இவ்வளவுக்கும் வசனம் கிடையாது. கண்ணின் அசைவும், பென் பர்ட் அமைத்த ஒலிகளுந்தான்.

ஆகாயக் கப்பலுக்குக் கதை போனதும் நமக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அங்குள்ள மனிதர்கள் நாற்காலியை விட்டு எழாமல் ஊதிப் போயிருக்கிறார்கள். பருத்த சரீரம் கீழே விழுவதைக் காட்டிச் சிரிக்க வைப்பது மலிவான சரக்கு. ஆனால், அதே கப்பலில் ஒரு மாது கண்ணெதிரே இருந்த திரை விலகியதும், இங்கே நீந்துவதற்குக் குளம் இருக்கிறதா என்று வியக்கிறாளே, அது அசல் ஹாஸ்யம். உடம்பைப் பார்த்து அல்ல, இத்தனை நாள் கண்ணிருந்தும் காணாததை நினைத்து நாம் சிரிக்கிறோம்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது 'மோ' என்னும் குட்டி யந்திரத்தின் கட்டம். அழுக்கைத் துடைப்பதே அதன் தர்மம். தரையில் ஒளிரும் கோட்டின் மீதுதான் அது ஓட வேண்டும், விதி அப்படி. வால்-ஈயின் அழுக்குச் சுவடோ கோட்டைத் தாண்டிப் போகிறது. மோ சுவட்டைப் பார்க்கிறது, கோட்டைப் பார்க்கிறது, திரும்பவும் சுவட்டைப் பார்க்கிறது. விதியை மீறவும் பயம். வேலையை விடவும் மனமில்லை. திடீரென்று ஒரு குதி! கோட்டுக்கு வெளியே வந்து விட்டது. அடுத்த கணமே மளமளவென்று துடைக்கத் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம். தொண்டையும் சற்று அடைத்துக்கொண்டது.